சரணத்தில் ஓர் இருமல்

எங்கள் பக்கத்தில் ஒரு கீர்த்தனையைச் சும்மா பாடிவிட்டுப் போக யாரும் விடமாட்டார்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும், கோயில் மண்டபமானாலும் கல்யாண மண்டபமானாலும், பாட்டுக்கு முன்னால் ஒரு கதை வந்தாக வேண்டும். இதை யார் எழுதினார், எந்தச் சூழ்நிலையில் எழுதினார், எழுதியதும் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் ஜனங்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். மழை கொட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூட்டிய கதவு திறந்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஒரு பாம்பாவது வந்த வழியே திரும்பிப் போயிருக்க வேண்டும். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, பொழுது போகவில்லையே என்று உட்கார்ந்து ஒருவர் ஒரு பாட்டு எழுதினார் என்று நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. நான் கேட்காத மேடை இந்த மாவட்டத்தில் அதிகம் இல்லை.

எனக்கு ஏன் இந்தத் தலையெழுத்து என்று சொல்லிவிடுகிறேன். மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சங்கீதம் எனக்குச் சுத்தமாக வராது. கச்சேரியில் நான் தாளம் போட ஆரம்பித்தால் பக்கத்து நாற்காலிக்காரர் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார். ஆனால் என் மனைவி அண்ணாமலை நகரில் பல்கலைக்கழக விடுதியில் தங்கி முறையாக இசை படித்தவள். கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். அவளுடைய தம்பி, என் மச்சான், கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். இது அவன் சம்பளத்துக்குச் செய்யும் வேலை. அவன் உயிரை விட்டுச் செய்யும் வேலை கச்சேரிகளில் தொகுப்புரை. பாட்டுக்கு முந்திய அந்தக் கதையைச் சொல்கிறவன் அவன்தான்.

பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு, மைக்கை ஒரு தட்டு தட்டி, கண்ணை மூடித் திறந்தான் என்றால் கூட்டம் அடங்கிவிடும். அவனிடம் கைவசம் ஐந்தாறு அற்புதங்கள் உண்டு. வித்வான் என்ன ராகம் எடுக்கிறார் என்று பார்த்து, அதற்குப் பொருத்தமான ஒன்றை எடுத்து விடுவான். போன மாதம் ஒருவருக்கு வந்த பாம்பு இந்த மாதம் இன்னொருவருக்கு வரும். நான் கடையில் ஒரு கம்பெனி மாத்திரை இல்லையென்றால் அதே சரக்கில் வேறு கம்பெனி மாத்திரை கொடுப்பது மாதிரிதான் இதுவும். ஒரு கார்த்திகை மாதம், திருப்பாதிரிப்புலியூரில், வெளியே கெடிலம் கரை தொட்டு ஓடிக்கொண்டிருக்க, உள்ளே இவன் பாட்டுப் பாடி மழை வரவழைத்த மகானைப் பற்றி உருகிக்கொண்டிருந்தான். பந்தல் ஒழுகியது. முன் வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, “தம்பி, நிறுத்துற பாட்டு எதனா இருந்தா அத மொதல்ல பாடச் சொல்லுப்பா” என்றார். மச்சான் அசரவில்லை. அடுத்த பாட்டுக்கு, வெள்ளம் வடிந்த கதை ஒன்றை அங்கேயே, நின்ற நிற்பில் உண்டாக்கினான்.

அவனை எனக்குப் பிடிக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும். அவன் சொன்ன பொய்களால் அதுவரை யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. எழுதினவர்கள் எல்லோரும் செத்துப் போயிருந்தார்கள். சண்டைக்கு வர ஆளில்லை.

என் மாமனாருக்கு அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரித் தோப்பு. நடுவில் கொஞ்சம் பலா. மனிதருக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். மகளை இசை படிக்க அனுப்பியதே, மற்ற பிரிவில் இடம் கிடைக்கவில்லை என்பதால்தான். “பாட்டு படிச்சிட்டு என்னா பண்ணப் போற, காக்கா ஓட்டவா?” என்று கேட்டவர். அவர் தோப்பில் காக்கா ஓட்டும் வேலையும் இருந்தது. அதனால் அது கிண்டலா, வேலை கொடுக்கிறாரா என்று அவளுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

நுரையீரல் கெட்டு, தோப்பைப் பார்க்க முடியாமல் போனபோது, அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மருந்துக்கடைக்காரன் வீட்டில் இருமல்காரர் இருப்பது ஒரு தமாஷ்தான். கடையில் இருந்த எல்லா சிரப்பையும் அவருக்கு ஊற்றிப் பார்த்தேன். இருமல் என்னை மதிக்கவே இல்லை. அந்த இருமலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் சின்னதாக இரண்டு, அப்புறம் மூன்றாவதாக ஒன்று நீளமாக இழுத்துக்கொண்டு போகும். அது முடியும் வரை வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

படுத்தால் மூச்சு முட்டும். அதனால் மதியத்தில் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டே தூங்கப் பார்ப்பார். தூக்கம் வராது. தோப்பில் காற்று எப்படி அடிக்கும், பலா மரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்தால் எப்படிக் கண் சொருகும் என்று முனகிக்கொண்டே இருப்பார். பள்ளிக்கு நீண்ட விடுப்பு போட்டிருந்த என் மனைவி, ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்தாள். அடுத்த நாள் அதில் ஒரு வரி கூடியது. ஆனந்தபைரவி என்றாள். நான் தலையாட்டினேன். சொன்னது வேறு ராகமாக இருந்தாலும் அதே மாதிரிதான் ஆட்டியிருப்பேன். ஆனால் வார்த்தை எனக்குப் புரிந்தது.

மெல்ல வீசு காற்றே, முந்திரித் தோப்பின் காற்றே என்று ஆரம்பிக்கும். சரணத்தில், பலா நிழலில் கண்ணயர்ந்தார், விழித்திடுவார் என்று ஒரு வரி மேலே போய் நிற்கும். அங்கே அவருக்கு இருமல் வரும். எப்படியோ தினமும் அங்கேதான் வந்தது. அவள் பாட்டை நிறுத்திவிட்டு அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். இரண்டு சின்னது, ஒரு நீளம். முடிந்ததும், பையப் போ என்று மிச்ச வரியைத் தாழ எடுப்பாள். அந்த மனிதர், ஆயுளில் ஒரு பாட்டையும் முழுசாகக் கேட்டிராதவர், ஒரு நாள் அவள் சமையலறையில் இருந்தபோது என்னைக் கூப்பிட்டு, “மாப்ள, அத வந்து பாடச் சொல்லுங்க” என்றார். நான் போய்ச் சொன்னேன். அவள் கையில் மாவோடு வந்து பாடினாள்.

மச்சான் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். ஆப்பிள் வாங்கி வருவான். அப்பா எதிரே உட்கார்ந்து அவர் இருமுவதைப் பார்ப்பான். பார்க்கத் தாங்காமல் அரைமணியில், “கச்சேரி இருக்குது மாமா” என்று கிளம்பிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்த ஊரில் கச்சேரி என்று நாங்கள் கேட்டதில்லை. அந்தப் பாட்டு அவன் காதில் விழவே இல்லை.

மாமனார் போய்ச் சேர்ந்தார். என் மனைவி அதற்கப்புறம் பள்ளிக்கூடத்தில் பாடினாள். வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

அந்த மார்கழியில் மச்சான்தான் அவளை இழுத்துக்கொண்டு போனான். சிதம்பரம் தெற்கு வீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நிகழ்ச்சி. கோயிலுக்கு வரும் கூட்டத்தில் கால் வலிக்கிறவர்கள் எல்லாம் உட்கார்ந்து கேட்கிற மாதிரியான கச்சேரி. பாடப்போகும் பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கடைசிப் பாட்டாக இதை எழுதினாள். இயற்றியவர் என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டாள். தன் பெயரைத் தானே எழுத அவளுக்குக் கூச்சம். தம்பி கேட்டால் காதோடு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாளாம்.

அவன் கேட்கவில்லை. கடைசிப் பாட்டு வந்தது. மைக் முன்னால் நின்று தாளைப் பார்த்தான். அங்கே காலி இடம். காலி இடத்தைப் பார்த்தால் அவனுக்குப் பொறுக்காது. கண்ணை மூடித் திறந்தான்.

தில்லைக்கு நடந்து வந்த பெயர் தெரியாத ஒரு சித்தராம். வழியில் ஒரு சின்னக் கோயில், பூட்டிக் கிடந்ததாம். வாசலில் நின்று பாடினாராம். பாதி வரியில் அடுத்த சொல் மறந்துபோய்த் திகைத்து நின்றாராம். அப்போது பூட்டிய கோயிலுக்குள்ளே மணி தானாக ஒலித்ததாம். ஒலி அடங்கியதும் சொல் வந்ததாம். “இன்றைக்கும் அந்த இடத்தில் பாடுகிறவர் நிறுத்துவார். காது உள்ளவர்களுக்கு மணி கேட்கும்” என்று முடித்தான். பாட்டில் ஓர் இடத்தில் நிறுத்தம் உண்டு என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். ஒத்திகையில் மிருதங்கக்காரர் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தது அவன் காதில் விழுந்திருந்தது.

என் மனைவியின் முகம் மேடையில் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். ஆனால் சுருதி ஓடிக்கொண்டிருக்கிறது, வயலின்காரர் வில்லைத் தூக்கிவிட்டார். பாடினாள். சரணத்தில் நிறுத்தினாள். மண்டபம் ஊசி விழுந்தால் கேட்கும் அளவுக்கு அமைதியானது. என் பக்கத்தில் ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “கேக்குதுங்க, எனக்குக் கேக்குது” என்று அழுதாள். எனக்கும் ஏதோ கேட்டது. அது வேறு.

திரும்பும்போது காரில் அவள் வெடித்தாள்.

“அது நான் போட்ட பாட்டுடா!”

மச்சான் உண்மையிலேயே ஆடிப்போனான். “நீயா? எப்பக்கா?”

“எப்பவோ. எவன்டா அந்த சித்தரு?”

“முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல? சரி விடுக்கா. பாட்டு டீச்சர் எழுதினதுன்னு சொன்னா எவன் உக்காந்து கேப்பான்? கேட்டுட்டு பஸ்ஸுக்குப் போயிடுவான். இப்ப பாரு, அழுவுறாங்க.”

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால்தான் அவளுக்குக் கோபம் இன்னும் அதிகமானது. அடுத்த மேடையில் திருத்திச் சொல்லிவிடுவதாகச் சத்தியம் செய்தான். அடுத்த மேடைக்குள் விஷயம் கைமீறிப் போயிருந்தது. யாரோ செல்போனில் எடுத்த பதிவு, மாவட்டத்தில் உள்ள எல்லா மாமிகளின் கைக்கும் போய்விட்டது. மூடிய கோயில் எங்கள் ஊர்க் கோயில்தான் என்று குறிஞ்சிப்பாடிக்காரர்கள் சொன்னார்கள். புவனகிரிக்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. சித்தருக்கு ஒரு படம்கூட வந்தது. தாடி வைத்து, என் மச்சானின் ஜாடையில்.

முந்திரித் தோப்பு எப்படிச் சித்தர் காலத்தில் வந்தது என்று ஒருவராவது கேட்பார் என்று நான் காத்திருந்தேன். முந்திரி பிற்காலத்தில் கப்பலேறி வந்த சரக்கு என்று எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு ஆராய்ச்சியாளர் கேட்டார். பதிலையும் அவரே சொல்லிவிட்டார். முந்திரி என்றால் பழைய தமிழில் திராட்சையாம். திராட்சை என்றால் இங்கே பக்தி ரசமாம். என் மாமனாரின் தோப்பு இப்படி ஒரே கட்டுரையில் பக்தி ரசமானது.

இதையெல்லாம்கூட என் மனைவி சிரித்துக்கொண்டு சகித்துக்கொண்டாள். “போவுது போங்க, பேரை வச்சி என்னா பண்ணப் போறேன்?” என்பாள். சகிக்க முடியாதது குறிஞ்சிப்பாடியில் ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் நடந்தது. பிள்ளைகள் கூட்டமாக அந்தப் பாட்டைப் பாடினார்கள். சரணத்தில் நிறுத்தும் இடம் வந்ததும், கடம் வாசித்தவர் பக்கத்தில் வைத்திருந்த பூஜை மணியை எடுத்து ஆட்டினார். கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காது உள்ளவர்களுக்கு மட்டும் கேட்ட மணி, இப்போது செவிடர்களுக்கும் கேட்கும்படி ஆனது. சிறிய மணி போய்ப் பெரிய மணி வந்தது. ஓர் ஊரில் இரண்டு மணி.

அன்று வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவில்லை. “அந்த எடத்துலதாங்க அப்பா இருக்காரு. அங்க போயி மணி அடிக்கிறாங்க” என்றாள். “பாட்டு யாருதுன்னாலும் சொல்லிக்கட்டும். அந்த எடத்த மட்டும் சும்மா விடச் சொல்லுங்க.”

ஒரு சுற்றுத் தாள நேரம். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். நான் மச்சானிடம் சொன்னேன். அவன், “மணி இல்லாம அந்தப் பாட்டே இல்ல மாமா” என்றான். அந்த இடத்துக்கு என்ன காரணம் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் அவள். அவளோ, சொன்னால் ஆப்பிளையும் அரைமணியையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். தம்பி மேல் அவளுக்கு அவ்வளவு பாசம்.

பிறகு சித்தருக்கு விழாவே எடுத்தார்கள், திருப்பாதிரிப்புலியூரில். பாட்டைக் கண்டெடுத்தவர் என்ற முறையில் என் மனைவிக்குச் சால்வை, ஒரு பாட்டுப் பாடவும் அழைப்பு. தான் எழுதியதைத் தானே கண்டெடுத்த பெருமை எல்லோருக்கும் வாய்க்காது. முந்தின வாரம் விழாக்குழுவினர் வீட்டுக்கு வந்தார்கள். கூடவே ஓய்வுபெற்ற ஓர் இசைப் பேராசிரியர். காபியைக் குடித்துவிட்டு அவர் என் மனைவியிடம் மிகவும் பணிவாகச் சொன்னார்.

“நீங்க பாடறது நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா சரணத்துல நிறுத்தம் ஒரு சீரா இல்ல. ஒரு தடவ கம்மியா நிறுத்தறீங்க, ஒரு தடவ ஜாஸ்தி. புவனகிரியில வழிவழியாப் பாடற பாடாந்தரம் ஒண்ணு இருக்குது, கேளுங்க. அதுதான் மூலத்துக்குப் பக்கத்துல இருக்குது.”

“சரிங்க சார்” என்றாள் அவள். அவர்கள் போனதும் காபி டம்ளர்களை அவள் கழுவிய வேகத்தில் ஒன்று நசுங்கியது.

விழா அன்று காலை மச்சான் எங்களை அழைத்துப் போக வந்தான். ஜிப்பா புதிது. அவள் தலை வாரிக்கொண்டே, “மணி அடிச்சா நான் பாட மாட்டேன்” என்றாள்.

“அக்கா, ஜனங்க அதுக்குதான் வராங்க. விழாத் தலைவரே அடிக்கப் போறாரு. ஸ்டாண்டு எல்லாம் செஞ்சி, பூ சுத்தி வச்சிருக்காங்க.”

அவள் சீப்பைக் கீழே வைத்தாள். “அந்த எடத்துல நான் ஏன் நிறுத்துறேன்னு உனக்குத் தெரியுமா?”

“ஒரு எஃபெக்டுக்கு…”

“அப்பா இருமுவாருடா. அந்த வரி வந்தா இருமுவாரு. முடியற வரைக்கும் நெஞ்சப் புடிச்சிகினு இருப்பேன். ஒரு நாள் சீக்கிரம் நிக்கும், ஒரு நாள் லேட்டா நிக்கும். நீ ஆப்பிள் வச்சிட்டு எழுந்து போயிடுவ. உனக்கு எப்டித் தெரியும்?”

சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று அவள் முகம் சொன்னது. மச்சான் என்னைப் பார்த்தான். “நெசமா மாமா?” என்றான். ஆமாம் என்றேன். மாமனாரின் சாய்வு நாற்காலி அங்கேயே ஜன்னலோரம் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான், வேறு பக்கம் திரும்பினான், பிறகு, “நேரமாவுது, கெளம்பலாம்” என்றான்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் சாமந்தி சுற்றிய ஸ்டாண்டில் ஒரு வெண்கல மணி. பக்கத்தில் நாற்காலி போட்டு விழாத் தலைவர், மாப்பிள்ளை மாதிரி. என் மனைவியின் முறை வந்தது. மச்சான் மைக்கைத் தட்டினான். கண்ணை மூடினான். திறக்கக் கொஞ்சம் நேரம் ஆனது.

“இந்தப் பாட்டை எழுதியது சித்தர் இல்லை” என்றான். “என் அக்கா. இங்கே உட்கார்ந்திருக்கிறார். எங்கள் அப்பாவைத் தூங்க வைக்க எழுதினார். அப்பாவுக்கு இருமல். இருமல் வரும்போது பாட்டை நிறுத்துவார், இருமல் நின்றதும் பாடுவார். அதுதான் அந்த இடம். கோயில், பூட்டு, மணி எல்லாம் நான் விட்ட கதை. அப்பா இருமுவதைப் பார்க்கத் தாங்காமல் நான் அரைமணியில் எழுந்து போய்விடுவேன். அதனால்தான் எனக்குத் தெரியாமல் போனது.”

மேடைத் தமிழில்தான் சொன்னான். பிறகு நேராக மணியிடம் போனான். தலைவர் கயிற்றைப் பிடிக்குமுன், மணியின் நாக்கைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்படியே நின்றான். என் மனைவி பாடத் தொடங்கினாள். பட்டு ஜிப்பாவில் ஒரு பேராசிரியர் மணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சி வேறு நாளாக இருந்தால் எனக்கு ஒரு மாதத்துக்குச் சிரிக்கப் போதும். அன்று முடியவில்லை. சரணம் வந்தது. விழித்திடுவார் என்று நிறுத்தினாள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மச்சானின் தோள் குலுங்கியது. கை மட்டும் அசையவில்லை. அவள் வேண்டிய மட்டும் நேரம் எடுத்துக்கொண்டு, பையப் போ என்று இறங்கினாள். என் மாமனார் சாகும்போதுகூட நான் அப்படி அழுததில்லை.

உண்மை இப்படி வெளிவந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பயப்பட்டிருக்க வேண்டாம். வாசலில் ஒரு அம்மாள் இன்னொருவரிடம், “போன தடவ சொன்ன கதைதான் நல்லாருந்துச்சி, இது என்னமோ சப்புனு இருக்குது” என்றாள். இசைப் பேராசிரியர் என் மனைவியின் தன்னடக்கத்தைப் பாராட்டினார். எதில் தன்னடக்கம் என்று அவர் விளக்கவில்லை. விழாத் தலைவர் மச்சானின் தோளில் கையைப் போட்டு, “சித்தர் உங்க அக்கா கனவுல வந்து குடுத்துட்டுப் போனார்னு எடுத்துக்கலாம் இல்ல சார்?” என்று கேட்டார். இத்தனை வருடம் பொய்யை உண்மையாக்கியவன், ஒரே ஒரு முறை உண்மையைச் சொன்னான். அவர்கள் அதையும் அவன் கதைகளில் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டார்கள்.

மச்சான் தொகுப்புரையை விட்டுவிட்டான் என்று எழுத ஆசைதான். விடவில்லை. ஆனால் அந்த ஒரு பாட்டு வந்தால் மைக்கை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவான்.

இந்த மார்கழியில் மூவரும் சிதம்பரம் போயிருந்தோம். தரிசனம் முடித்து, அதே தெற்கு வீதி மண்டபத்தில் கால் ஆற உட்கார்ந்தோம். அண்ணாமலை நகரிலிருந்து வந்த ஒரு மாணவி பாடிக்கொண்டிருந்தாள். நல்ல குரல் என்றாள் என் மனைவி. கடைசியில் அந்தப் பாட்டு. தொகுப்புரை சொன்ன இளைஞனுக்கு என் மச்சானின் கண் மூடல், கண் திறப்பு எல்லாம் படிந்திருந்தது. ஒரு சித்தர் இருந்தாராம். அவருடைய வயதான தந்தைக்கு இருமலாம். தந்தையைத் தூங்க வைக்கப் பாடினாராம். இருமும்போதெல்லாம் நிறுத்துவாராம். பாட்டு முடிந்த அன்று இருமல் அடியோடு குணமாகிவிட்டதாம்.

“மாமா, இத நான் சொல்லல” என்று மச்சான் என் காதில் சொன்னான்.

மேடையில் மணியைக் காணோம். அந்தப் பெண் சரணத்துக்கு வந்தாள். விழித்திடுவார் என்று நிறுத்தினாள். பிறகு கையை வாயருகே கொண்டுபோய், தாளம் தவறாமல், பக்தியோடு, இரண்டு முறை இருமினாள். மிருதங்கக்காரர் இரண்டு தட்டு தட்டி அதை ஏற்றுக்கொண்டார். கூட்டத்தில் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நான் என் மனைவியைப் பார்க்கப் பயந்துபோய் மெதுவாகத் திரும்பினேன். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கச்சேரி முடிந்ததும் எழுந்து நேராக மேடைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

“நல்லாப் பாடினம்மா. ஆனா ரெண்டு இல்ல, மூணு தடவ. மூணாவது கொஞ்சம் நீளமா இழுக்கும்.”

அந்தப் பெண் கையைக் குவித்து, மரியாதையாக, “எங்க பாடாந்தரத்துல ரெண்டுதாங்க மேடம்” என்றாள்.

“சரிம்மா” என்று என் மனைவி அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

வரும் வழியில் நான் கார் ஓட்டினேன். மச்சான் பின்னால் உட்கார்ந்திருந்தான். ஆலப்பாக்கம் தாண்டியதும் அவள் ஜன்னலை இறக்கிவிட்டு, யாரும் கேட்காமலேயே, அந்தப் பாட்டைத் தாழ எடுத்தாள். சரணத்தில், விழித்திடுவார் என்று போய் நின்றாள். பின் இருக்கையில் மச்சான் இருமினான். சின்னதாக இரண்டு, பிறகு நீளமாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கேட்டது அவனுக்கு நன்றாகவே நினைவிருந்தது. என் மனைவி திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். இருமல் முழுசாக முடியும் வரை காத்திருந்து, பையப் போ என்று அவள் மிச்ச வரியைப் பாடினாள்.